டெக்சஸின் தலைசிறந்த பள்ளி ரன்னிங் பேக் யார்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் மகன் பள்ளி மார்ச்சிங் பேண்டில் டிரம் வாசித்த நான்கு வருஷமும் வெள்ளிக்கிழமை இரவுகள் எனக்கு ஃபுட்பால் மைதானத்தில்தான் கழிந்தன. டிரம் கேட்கப் போனவன் ஆட்டத்தில் ஒட்டிக்கொண்டேன். மகன் கல்லூரிக்குப் போய்விட்டான். நான் இன்னும் போய்க்கொண்டிருக்கிறேன்.

ஹூஸ்டனை ஒட்டிய ஷுகர் லேண்ட் பக்கம் நம்மவர்கள் நிறையப் பேர். பிறந்தநாள் விருந்து, பேர்லாண்ட் மீனாட்சி கோயில் வாசல், பள்ளி பார்க்கிங் என்று எங்கே பார்த்தாலும் அதே சந்தேகங்களைக் கேட்கிறார்கள். ஆபீஸில் யாரோ டெக்சஸ் பள்ளி ஆட்டத்தில் சிறந்தவர் "எர்ல் கேம்ப்பெல்லா, கென் ஹாலா" என்று சண்டை போட்டிருப்பார்கள், இவர்கள் நடுவில் முழித்துக்கொண்டு நின்றிருப்பார்கள். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

ஃபுட்பால்னா காலால உதைக்கிறதுதானே? இவங்க ஏன் பந்தைக் கையில தூக்கிட்டு ஓடுறாங்க?

இது அமெரிக்க ஃபுட்பால். பந்தை வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேறினால் மறுபடி நான்கு கிடைக்கும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எதிரணியின் கடைசிக் கோட்டைப் பந்தோடு தாண்டினால் டச்டவுன், 6 புள்ளி.

முன்னேற இரண்டு வழி. ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் பந்தை எறியலாம், இல்லையென்றால் பக்கத்தில் நிற்பவன் கையில் கொடுத்து ஓடச் சொல்லலாம். அப்படி ஓடுகிறவன்தான் ரன்னிங் பேக். கபடியில் பாடிப் போகிறவனைப் பிடிக்க ஏழு பேர் என்றால் இங்கே பதினொரு பேர். பாடிப் போகிறவன் தொட்டுவிட்டுத் தன் பக்கம் திரும்பி வர வேண்டும். இவன் திரும்பியே பார்க்கக் கூடாது.

யார்டுன்னா எவ்வளவு? எத்தனை யார்டு ஓடினா நல்ல ஆட்டக்காரன்?

யார்டு என்பது நம் ஊர் கஜம்தான், மூன்று அடி. நான்கு முயற்சிக்குள் முன்னேற வேண்டிய தூரம் ஒன்பது கஜப் புடவையைவிட ஒரு கஜம் கூட, அவ்வளவுதான். மைதானத்தின் நீளம் 100 யார்டு, ஏறக்குறைய 91 மீட்டர்.

ஒரே ஆட்டத்தில் 100 யார்டு ஓடினால் நல்ல இரவு. ஒரு சீசனில் 1,000 ஓடினால் உள்ளூரில் பெயர் தெரியும். 2,000 ஓடினால் பல்கலைக்கழகக் கோச்சுகள் வீட்டுக் கதவைத் தட்டுவார்கள். கீழே 4,000, 11,000 என்று எண்கள் வரும்போது இந்த அளவுகோலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்கூல் பசங்க ஆட்டத்துக்கு ஏன் சார் இவ்வளவு ஆர்ப்பாட்டம்?

டெக்சஸில் பல ஊர்களுக்கு ஊர்ப் பெயரைச் சுமந்து ஆடும் ஒரே அணி பள்ளி அணிதான். தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் அணி டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் இருக்கும். ஹுக்ஸ், சீலி, பாலஸ்டீன் மாதிரி ஊர்களுக்கு வெள்ளிக்கிழமை இரவு பள்ளிப் பையன்கள் ஆடுவதுதான் திருவிழா. பெரிய ஊர்களும் சளைத்தவை இல்லை. டல்லாஸுக்கு வடக்கே ஆலன் நகரம் 2012இல் 6 கோடி டாலர் செலவில் 18,000 பேர் உட்காரும் பள்ளி மைதானம் கட்டியது. இரண்டே வருஷத்தில் கான்கிரீட்டில் விரிசல் கண்டு மூடினார்கள், சரிசெய்து மறுபடி திறந்தார்கள்.

போட்டிகளை நடத்துவது யு.ஐ.எல். என்ற அமைப்பு. ஆஸ்டினிலுள்ள டெக்சஸ் பல்கலைக்கழகம் 1910இல் அதைத் தொடங்கியது. மாநில ஃபுட்பால் சாம்பியன் பட்டம் 1920இலிருந்து இருக்கிறது. தாத்தா, அப்பா, பேரன் மூன்று பேரும் ஒரே பள்ளிக்கு ஆடிய குடும்பங்கள் உண்டு. விவாதம் சூடாக இருப்பதில் என்ன ஆச்சரியம்?

சரி, நேரா விஷயத்துக்கு வாங்க. அதிக யார்டு ஓடினது யாரு?

கென் ஹால். இதைச் சொன்னதும் நம்மவர்கள் வாயைப் பிளப்பார்கள், ஏனென்றால் அவர் நம்ம ஷுகர் லேண்ட்காரர். 1950 முதல் 1953 வரை ஷுகர் லேண்ட் பள்ளிக்காக ஆடினார். நான்கு சீசனில் 11,232 யார்டு. கிலோமீட்டரில் பத்தேகால், அத்தனையும் யாரோ ஒருவன் மேலே விழுந்து அமுக்கப் பார்க்கும்போது ஓடியது. 1953இல் மட்டும் 12 ஆட்டத்தில் 4,045. ஆட்டத்துக்கு 337 யார்டு வருகிறது! அந்த வருஷம் ஹூஸ்டன் லூதரன் பள்ளிக்கு எதிராக 11 முறை பந்தைத் தொட்டு 520 யார்டு ஓடினார். 'ஷுகர் லேண்ட் எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தார்கள்.

அன்றைய ஷுகர் லேண்ட் சர்க்கரை ஆலைக்காக உருவான ஊர், சுமார் 2,000 பேர். இன்று நாம் வாடகைக்கும் வீட்டுக்கடனுக்கும் அல்லாடும் ஊரில் ஒரு லட்சத்துக்கு மேல் இருக்கிறார்கள். 1959இல் பக்கத்து மிசௌரி சிட்டியோடு பள்ளி மாவட்டம் இணைந்தது. அதுதான் இப்போது நம் பிள்ளைகள் படிக்கும் ஃபோர்ட் பெண்ட் மாவட்டம். தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்கு இந்தப் பெயர் தெரியாது என்பது எனக்கு ஒரு சின்ன வருத்தம்.

அவர் சாதனையை யாரோ உடைச்சிட்டாங்கன்னு கேள்விப்பட்டேனே?

தேசிய சாதனையை உடைத்தார்கள், டெக்சஸ் சாதனையை இல்லை. ஃபுளோரிடாவின் யூலி என்ற ஊரில் டெரிக் ஹென்றி 2012இல் 12,124 யார்டோடு முடித்தார். இன்று என்.எஃப்.எல்.லில் ஆளை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடும் அதே ஹென்றிதான். கென் ஹாலின் எண் அதுவரை 59 வருஷம் அசையாமல் நின்றது. நம் விவாதம் ஒரு மாநிலத்துக்குள் என்பதால் ஹென்றியை மறந்துவிடலாம்.

அப்ப கென் ஹால்தான் நம்பர் ஒன். இதுல விவாதிக்க என்ன இருக்கு?

இங்கேதான் ஆரம்பமே. 2016இல் மும்பையில் ஒரு பள்ளிப் பையன் ஒரே இன்னிங்ஸில் 1,009 ரன் அடித்தபோது நாம் என்ன கேட்டோம்? "பந்து போட்டது யாரு?" அதே கேள்வியை இங்கேயும் கேட்க வேண்டும். ஷுகர் லேண்ட் அன்று கிளாஸ் பி, இருந்ததிலேயே மிகச் சிறிய பிரிவு. அந்தப் பிரிவுக்கு மாநிலச் சாம்பியன் பட்டமே அப்போது கிடையாது, வட்டார அளவோடு சீசன் முடிந்துவிடும். எதிரணிகளில் ஆள் குறைவு, கனமான ஆள் இன்னும் குறைவு.

ஹால் பக்கமும் நியாயம் இருக்கிறது. அதே பிரிவில் நூற்றுக்கணக்கான பையன்கள் ஆடினார்கள், வேறு யாரும் அந்த எண்ணை எட்டவில்லை. பல ஆட்டங்களில் அணி வெகுவாக முன்னேறிவிட்டதால் அவரைப் பின்பாதியில் உட்கார வைத்துவிட்டார்கள். முழு ஆட்டமும் விட்டிருந்தால் கணக்கு எங்கே போயிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். என்னைக் கேட்டால், எண்களின் ராஜா ஹால். 'சிறந்தவர்' என்ற பட்டம் வேறு.

எர்ல் கேம்ப்பெல் 4ஏ, பென்சன் 5ஏ, இப்ப எங்க ஸ்கூல் 6ஏ. அப்ப கேம்ப்பெல் சின்ன ஸ்கூல்ல ஆடினவரா?

அப்படி இல்லை. (பென்சன் 1998-2000இல் ஆடியவர், கீழே வருவார்.) பாதிச் சண்டைகள் இந்தக் குழப்பத்தால்தான் வருகின்றன. மாணவர் எண்ணிக்கையை வைத்துப் பள்ளிகளைப் பிரிக்கிறார்கள். 1980க்கு முன் மிகப் பெரிய பிரிவின் பெயர் 4ஏ. 1980இலிருந்து மேலே 5ஏ வந்தது. 2014இலிருந்து 6ஏ.

எனவே 1973இன் 4ஏ என்றால் உச்சப் பிரிவு. 2003இன் 4ஏ என்றால் இரண்டாவது. இன்றைய 4ஏ மூன்றாவது. யாராவது வெறும் '4ஏ' என்று சொன்னால் முதலில் வருஷத்தைக் கேளுங்கள். நான்கூட முதல் இரண்டு வருஷம் இதில் தப்பாகப் பேசி அசடு வழிந்திருக்கிறேன்.

எர்ல் கேம்ப்பெல் பேரை எல்லாரும் ஒரு மரியாதையோட சொல்றாங்களே, ஏன்?

1973இல் டைலர் நகரின் ஜான் டைலர் பள்ளி 15 ஆட்டம் ஆடி 15உம் ஜெயித்து உச்சப் பிரிவின் பட்டத்தை வென்றது. இறுதிப் போட்டி ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில், ஆஸ்டின் ரேகன் பள்ளியை 21-14 என்று தோற்கடித்தார்கள். அந்த அணியின் முதுகெலும்பு கேம்ப்பெல். சீசனில் 2,000 யார்டைத் தாண்டினார். எண்ணாகப் பார்த்தால் ஹாலின் பாதிதான். ஆனால் பிளேஆஃபில், அதாவது தோற்றால் வெளியேறும் சுற்றுகளில், வாரா வாரம் மாநிலத்தின் மிகப் பெரிய பள்ளிகள் எதிரே நிற்க, 'பந்து இவன் கைக்குத்தான் வரப்போகிறது' என்று அரங்கம் முழுக்கத் தெரிந்திருந்தும் யாராலும் தடுக்க முடியவில்லை.

அவர் ஓடிய விதமும் ஒரு காரணம். விலகி ஓடுகிற ரகம் இல்லை. தொடையைத் தூக்கி நேரே மோதி, மோதியவனையும் இழுத்துக்கொண்டு போகிற ரகம். சின்ன வயதில் அவருக்குப் பிடித்தது லைன்பேக்கர் இடம், அதாவது ஓடுகிறவனைப் பிடித்துச் சாய்க்கும் வேலை. ஓடச் சொன்னபோது பெரிய ஆசையில்லாமல்தான் வந்தார் என்பார்கள். சாய்க்கத் தெரிந்தவனுக்குச் சாயாமலிருக்கவும் தெரியும்போல.

டைலர் ரோஜாத் தோட்டங்களுக்குப் பேர் போன ஊர். பதினொரு பிள்ளைகளில் ஆறாவது அவர். அப்பா சீக்கிரம் போய்விட, அம்மா வளர்த்தார். பின்னாளில் 'டைலர் ரோஸ்' என்பதே பட்டப்பெயராயிற்று.

கருப்பினப் பிள்ளைங்க பேரே பழைய பட்டியல்ல வரலையே. 1950கள்ல அவங்க ஆடவே இல்லையா?

ஆடினார்கள், அட்டகாசமாக ஆடினார்கள். யு.ஐ.எல். விதியிலேயே வெள்ளையர் பள்ளிகளுக்கு மட்டும் என்று இருந்தது. கருப்பினப் பள்ளிகளுக்குத் தனியாக பிரெய்ரி வியூ லீக் 1920 முதல் 1970 வரை நடந்தது. அதே நகரம், பல இடங்களில் அதே மைதானம். வெள்ளிக்கிழமை வெள்ளையர் பள்ளிக்கு என்பதால் இவர்களுக்குப் புதனோ வியாழனோதான். பள்ளியில் பழைய சட்டை, பழைய ஹெல்மெட். பெரிய செய்தித்தாள்கள் ஸ்கோரை ஒரு வரியில் போட்டால் உண்டு. 1967 வாக்கில்தான் யு.ஐ.எல். கதவு அந்தப் பள்ளிகளுக்குத் திறந்தது.

அங்கிருந்து வந்தவர்களைப் பாருங்கள். டல்லாஸ் லிங்கன் பள்ளியின் ஏப்னர் ஹேன்ஸ் 1960இல் என்.எஃப்.எல்.லுக்குப் போட்டியாக வந்த ஏ.எஃப்.எல். லீகின் முதல் சீசனிலேயே சிறந்த ஆட்டக்காரர் விருது வாங்கினார். போமாண்ட் ஹீபர்ட் பள்ளியின் மெல் ஃபார் 1967இல் டெட்ராய்ட் லயன்ஸின் ரன்னிங் பேக்காக என்.எஃப்.எல்.லின் சிறந்த புதுமுகத் தாக்குதல் வீரர் ஆனார். பள்ளியில் அவர்கள் ஓடிய ஒவ்வொரு யார்டையும் எண்ணி வைக்க ஒருவரும் மெனக்கெடவில்லை. கென் ஹால் ஒருமுறைகூட இப்படிப்பட்ட பள்ளியோடு மோதியதில்லை, மோத விட்டிருக்க மாட்டார்கள். அது ஹாலின் குற்றமில்லை. ஆனால் 1967க்கு முந்தைய எந்தப் பட்டியலும் பாதி டெக்சஸின் பட்டியல்தான். எந்தத் தாத்தா "அந்தக் காலத்தில்" என்று ஆரம்பித்தாலும் நான் இதை நடுவில் சொல்லாமல் விடுவதில்லை.

விதிவிலக்கே கிடையாதா?

உண்டு. சான் அன்டோனியோ நகரப் பள்ளிகள் கொஞ்சம் சீக்கிரமே கலந்தன. அதனால் வாரன் மெக்வே என்ற கருப்பினப் பையன் பிராக்கன்ரிட்ஜ் பள்ளிக்காக யு.ஐ.எல்.லில் ஆட முடிந்தது. பள்ளி 1962இல் உச்சப் பிரிவுப் பட்டம் வென்றது. 1963 நவம்பரில், கென்னடி சுடப்பட்டு ஒரு வாரம் கழித்து, அலமோ ஸ்டேடியத்தில் லீ பள்ளியோடு ஒரு பிளேஆஃப். மெக்வே 6 டச்டவுன் போட்டார். அப்படியும் அவர் அணி 55-48 என்று தோற்றது! டெக்சஸ் பள்ளி வரலாற்றின் மிகச் சிறந்த ஆட்டம் என்று இன்றும் பலர் அதைத்தான் சொல்கிறார்கள். ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தின் முதல் கருப்பின ஃபுட்பால் வீரர் அவர்தான்.

பில்லி சிம்ஸ், எரிக் டிக்கர்சன் ரெண்டு பேரும் சின்ன ஊர்ப் பசங்கதானே? கென் ஹாலுக்குச் சொன்ன குறை இவங்களுக்கும் பொருந்துமே?

பொருந்தும், ஆனால் அளவு குறைவு. சிம்ஸ் டெக்சார்கானா பக்கத்திலுள்ள ஹுக்ஸ் என்ற குட்டி ஊர். பாட்டி வளர்த்த பிள்ளை. 1972 முதல் 1974 வரை மூன்று சீசனில் 7,738 யார்டு, தொடர்ச்சியாக 38 ஆட்டத்தில் 100 யார்டுக்குக் குறையாமல் ஓடினார். அந்த 38தான் என்னை அசத்துவது. அத்தனை ஆட்டத்திலும் ஒரு வெள்ளிக்கிழமைகூடக் காய்ச்சல், கால்வலி, சேற்று மைதானம் என்று எதுவும் அவரை 100க்குக் கீழே இறக்கவில்லை. 1973 இலையுதிர் காலத்தில் கேம்ப்பெல் டைலரிலும் சிம்ஸ் ஹுக்ஸிலும் ஒரே சமயத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். இரண்டுமே கிழக்கு டெக்சஸ். பின்னால் கல்லூரியின் உச்ச விருதான ஹைஸ்மனை 1977இல் ஒருவரும் 1978இல் மற்றவரும் வாங்கினார்கள்.

டிக்கர்சனின் சீலி நமக்குப் பக்கம்தான், கேட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம். 1978இல் 2,642 யார்டு, பள்ளிக்கு மாநிலப் பட்டம். இறுதிப் போட்டியில் மட்டும் 311 யார்டு, 4 டச்டவுன். ஹாலுக்குக் கிடைக்காத இறுதிப் போட்டி மேடை இவருக்குக் கிடைத்தது, அங்கேயும் ஓடிக் காட்டினார். அதைத்தான் நான் வேறுபாடாகப் பார்க்கிறேன்.

மூணு தடவை சாம்பியன் ஆனவங்க ரெண்டு பேர் இருக்காங்களாமே, அவங்கள்ல யாரு பெஸ்ட்?

மிட்லண்ட் லீயின் செட்ரிக் பென்சனும் அலீடோவின் ஜொனாதன் கிரேயும். பென்சன் 1998, 1999, 2000 மூன்று வருஷமும் பட்டம், 8,423 யார்டு. கிரே 2009, 2010, 2011 மூன்றும் பட்டம், 10,000 யார்டுக்கு மேல், 205 டச்டவுன். அந்த 205 அப்போது தேசிய சாதனை. 2010 இறுதிப் போட்டியில் கிரே மட்டும் 8 டச்டவுன் போட்டார். ஒரு அணி முழுக்கப் போட்டாலே பெரிய விஷயம்.

எண்ணை மட்டும் வைத்தால் கிரே. மேலே பிரிவுப் பெயர்க் குழப்பத்துக்குச் சொன்னதை இங்கே போட்டுப் பாருங்கள். கிரேயின் 4ஏ இரண்டாவது பிரிவு, பென்சனின் 5ஏ உச்சப் பிரிவு. அலீடோ அந்தச் சமயத்தில் எதிரணியை நசுக்கித்தான் அனுப்பியது. மேற்கு டெக்சஸின் எண்ணெய் ஊரான மிட்லண்டுக்கோ ஹூஸ்டன், டல்லாஸ் புறநகர்ப் பெரும் பள்ளிகளையும் சேர்த்து மூன்று முறை தாண்ட வேண்டியிருந்தது. என் ஓட்டு பென்சனுக்கு. வேக்கோவில் டேவ் கேம்ப்பெல் 1960இல் தொடங்கிய ஃபுட்பால் ஆண்டுப் பத்திரிகையின் அட்டைக்கு வந்த முதல் பள்ளிப் பையனும் பென்சன்தான். டெக்சஸில் அது சாதாரண அட்டை இல்லை. 2019இல் ஆஸ்டினில் பைக் விபத்தில் 36 வயதில் இறந்துபோனார்.

ஏட்ரியன் பீட்டர்சன் பேரை நீங்க இன்னும் எடுக்கவே இல்லையே அங்கிள்?

கேட்டது ஒரு பதினொன்றாம் வகுப்புப் பையன், குரலில் கோபம். நியாயமான கோபம்தான். பாலஸ்டீன் பள்ளியில் 2003இல் 2,960 யார்டு, 32 டச்டவுன். ஒரு தடவை பந்தைத் தொட்டால் சராசரி 11.7 யார்டு. அதாவது நான்கு முயற்சியில் எடுக்க வேண்டிய 10ஐ ஒரே முயற்சியில் எடுத்தார். வேகம், பலம், ஆத்திரம் மூன்றும் ஒரே உடம்பில். சும்மா கண்ணால் பார்த்து யார் திறமைசாலி என்று சொல்லச் சொன்னால் இவரைத்தான் கை காட்டுவேன்.

முழுதாக ஜொலித்தது இரண்டு சீசன், மாநிலப் பட்டமும் இல்லை. அதனால் என் பட்டியலில் கொஞ்சம் கீழே. தம்பி என்னை மன்னிப்பானாக.

பிற்பாடு என்.எஃப்.எல்.ல என்ன செஞ்சாங்கன்னு பார்த்து முடிவு பண்ணலாமே, சுலபமா இருக்குமே?

சுலபம்தான், அது வேறு கேள்விக்கு விடை. லடேனியன் டாம்லின்சன் வேக்கோ யுனிவர்சிட்டி பள்ளியில் 1996இல் 2,554 யார்டு ஓடியும் பெரிய பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்ளவில்லை, டி.சி.யு. என்ற பல்கலைக்கழகத்துக்குப் போனார். 2006இல் என்.எஃப்.எல்.லில் ஒரே சீசனில் 31 டச்டவுன் போட்டார். அதைப் பார்த்துவிட்டு அவருடைய பள்ளிக் காலத்தைத் தூக்கிப் பிடிப்பது, மகன் கலெக்டர் ஆனபின் "எல்கேஜியிலேயே தெரியும்" என்று சொல்வது மாதிரி.

தலைகீழாக, கென் ஹால் டெக்சஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தில் பியர் பிரையன்ட் என்ற கறாரான கோச்சிடம் மாட்டிக்கொண்டார். அங்கே ஒத்துவராமல் வெளியேறினார். பிறகு ஹூஸ்டன் ஆயிலர்ஸ் என்ற தொழில்முறை அணி உட்பட அங்கங்கே கொஞ்ச காலம் ஆடினார், அவ்வளவுதான். அதனால் 1953இல் ஓடிய 4,045 குறைந்துவிடுமா?

இப்பல்லாம் 16 ஆட்டம் ஆடறாங்க. பழையவங்களோட எப்படி ஒப்பிடறது?

ஆட்டத்துக்கு எத்தனை என்று வகுத்துப் பாருங்கள். இன்று மாநிலப் பட்டம் வெல்ல 16 ஆட்டம் ஆட வேண்டும். 16 ஆட்டத்தில் 3,000 என்றால் ஆட்டத்துக்கு 188கூட வராது. ஹாலின் 337 எங்கே, இது எங்கே.

வகுத்தலும் முழு உண்மை சொல்லாது. பிளேஆஃபில் ஆடும் கூடுதல் ஆட்டங்கள் கஷ்டமானவை, சராசரி அங்கே தானாக இறங்கும். முதல் சுற்றிலேயே தோற்ற அணியின் பையனுக்குச் சராசரி அழகாக இருக்கும். தோற்றதற்குப் பரிசா என்று கேட்கத் தோன்றும்.

ஓடறவனுக்கு முன்னாடி நிக்கிற குண்டுப் பசங்களுக்குப் பேரே இல்லையா?

இல்லை, அதுதான் அநியாயம். லைன் என்று சொல்லப்படும் அந்த ஐந்து பேர் வழி திறக்காவிட்டால் கேம்ப்பெல்லும் நின்ற இடத்தில்தான். அவர்களுக்கு யார்டுக் கணக்கு கிடையாது. யார் பெயரைச் சொன்னாலும் "அவன் லைன் எப்படி?" என்று கேட்டுப் பழகுங்கள். எதிராளி கொஞ்சம் தடுமாறுவார்.

எங்க சொந்தக்காரர் மேற்கு டெக்சஸ்ல இருக்கார். அங்க ஆறு பேர் ஆடற ஆட்டத்துல இதைவிடப் பெரிய எண் வருதாம்?

வரும். மாணவர் நூற்றைந்துக்கும் குறைவான பள்ளிகளில் ஆறு பேர் ஃபுட்பால் ஆடுகிறார்கள். மைதானம் 80 யார்டு நீளம், 40 அகலம், முன்னேற வேண்டியது 15 யார்டு. இடம் திறந்து கிடக்கும், ஸ்கோர் கூடைப்பந்து மாதிரி ஏறும். பின்பாதியில் 45 புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டத்தையே முடித்துவிடுவார்கள். அருமையான ஆட்டம், ஒருமுறை கார் எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பட்டியலைத் தனியாக வையுங்கள்.

இப்ப ஏன் அந்த மாதிரி ரன்னிங் பேக் வர்றதில்ல?

வருகிறார்கள், பந்துதான் அவர்கள் கைக்குக் குறைவாக வருகிறது. கடந்த இருபத்தைந்து வருஷத்தில் டெக்சஸ் பள்ளிகள் ஆட்களை மைதானம் முழுக்கப் பரப்பிப் பந்தை எறியும் பாணிக்கு மாறிவிட்டன. கோடையில்கூடப் பையன்கள் ஏழுக்கு ஏழு என்று எறிந்து பிடித்துப் பழகுகிறார்கள். குவார்ட்டர்பேக்கே பந்தோடு ஓடவும் செய்கிறான். ஒரே ஆளை 30 தடவை ஓடவிடும் கோச் குறைந்துவிட்டார், உடம்பு தேய்ந்துவிடும் என்ற கவலையும் உண்டு.

சுத்தி வளைக்காதீங்க. உங்க லிஸ்ட் என்ன?

ஒரே ஒரு சீசன் என்றால் கேம்ப்பெல், 1973. மொத்தப் பள்ளிக் காலத்துக்கும் என்றால் பென்சன். எண்களுக்கு ஹால், ஒருபோதும் தளராததற்கு சிம்ஸ், கண்ணுக்கு பீட்டர்சன். ஒரே பெயர்தான் சொல்ல வேண்டும் என்று கழுத்தில் கத்தி வைத்தால் கேம்ப்பெல். பென்சனுக்கும் அவருக்கும் இடையே நான் மூன்று முறை மாற்றி மாற்றிச் சொல்லியிருக்கிறேன் என்பதை என் மனைவி சாட்சி சொல்வாள். 1967க்கு முன்னால் யார் பெயரைச் சொன்னாலும் 'தெரிந்தவரை' என்று ஒரு சொல்லைச் சேர்த்துக்கொள்வேன்.

நம்ம ஃபோர்ட் பெண்ட் பக்கத்துக்கென்று தனிப் பட்டியல் கேட்பவர்களுக்கு: ஹால், 1982இல் வில்லோரிட்ஜ் பள்ளி பட்டம் வென்றபோது ஆடிய தர்மன் தாமஸ், லமார் கன்சாலிடேட்டடின் குள்ளப் புயல் ஜக்விஸ் ராஜர்ஸ். ராஜர்ஸ் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம்கூடச் சந்தேகம், பள்ளியில் போட்டது 136 டச்டவுன்.

எங்க தெருவுல ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, கென் ஹாலை மிஞ்ச ஆளே இல்லைன்னு அடிச்சுப் பேசறார். நீங்க சொன்னதையெல்லாம் வச்சு மடக்கலாமா?

மடக்கலாம். கிளாஸ் பி, இறுதிப் போட்டி இல்லை, எதிரே யாரை ஆட விடவில்லை என்று எல்லாம் கையில் இருக்கிறதே. ஆனால் அதற்கு முன் ஒன்று கேளுங்கள்: "நீங்கள் அவர் ஓடியதை நேரில் பார்த்தீர்களா?" எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், சின்னப் பையனாக அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்ததாகச் சொன்னார். சர்க்கரை ஆலையில் ஷிஃப்ட் முடிந்தவர்கள் நேரே மைதானத்துக்கு வந்துவிடுவார்களாம். ஹால் கோட்டைத் தாண்டியதும் பந்தைக் கீழே வைத்துவிட்டு ஒன்றும் நடக்காதது போல நடந்து வருவாராம். முக்கால் மணி நேரம் பேசினார். நான் கொண்டுபோயிருந்த எண்களில் ஒன்றையும் அன்று எடுக்கவில்லை.